ஃப்ளோரிடாவில் ஃபெலனி தண்டனை முடிந்தவர் ஓட்டுரிமையைத் திரும்பப் பெறுவது எப்படி

அமெரிக்காவில் ஃபெலனி என்கிற பெருங்குற்ற வழக்கில் தண்டனை பெற்றால் போவது சிறையில் கழியும் வருஷங்கள் மட்டும் இல்லை. பல மாநிலங்களில் ஓட்டுப் போடுவது, ஜூரியில் உட்காருவது, தேர்தலில் நிற்பது, துப்பாக்கி வைத்திருப்பது என்று ஒரு மூட்டை உரிமைகள் கூடவே போகும். அதில் எது, எப்போது, யாரால் திரும்பும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மெய்ன், வெர்மான்ட் மாநிலங்களில் சிறைக்குள் இருந்தபடியே ஓட்டுப் போடலாம். மினசோட்டாவில் 2023 முதல் சிறையை விட்டு வெளியே வந்தாலே ஓட்டுரிமை வந்துவிடுகிறது. ஃப்ளோரிடா இப்படியெல்லாம் இல்லை, எழுத்தில் தாராளம், நடைமுறையில் கஞ்சம். அதனால் இங்கே ஃப்ளோரிடாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலிலேயே ஒன்று, நம்மூர்க்காரர்களுக்காக. நீங்கள் கிரீன் கார்டிலோ விசாவிலோ இருக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்கானது இல்லை. குடியுரிமை இல்லாதவர் தெரியாமல் வாக்காளர் பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால்கூட நாடு கடத்தல் வரை போகலாம். வழக்கு எப்படிப்பட்டது, தண்டனை முடிந்ததா இல்லையா என்பதெல்லாம் அங்கே பேச்சுக்கே வராது.

சரி, குடியுரிமை உள்ளவர்களுக்கு வருவோம். ஃபெலனி தண்டனை பெற்றவருக்கு ஓட்டு இல்லை என்று ஃப்ளோரிடா தன் 1868 அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தது. கவர்னரும் அமைச்சர்களும் மனம் இரங்கினால்தான் உண்டு. 2018 நவம்பரில் மக்களே 64 சதவீதத்துக்கு மேல் ஓட்டுப் போட்டு, தண்டனையை முழுதாக முடித்தவருக்கு ஓட்டுரிமை தானாகத் திரும்பும் என்று மாற்றினார்கள், அதுதான் ஃப்ளோரிடா அரசியல் சட்டத்துக்கு வந்த நான்காவது திருத்தம். சந்தோஷம் ஆறு மாதம்தான். ‘முழுதாக முடித்தவர்’ என்றால் அபராதம், கோர்ட் கட்டணம், பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீடு எல்லாவற்றையும் கட்டி முடித்தவர் என்று 2019-ல் சட்டசபை சட்டம் போட்டது. வழக்கு நடந்தது, 2020 செப்டம்பரில் ஃபெடரல், அதாவது மத்திய அரசின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. இன்றைக்கும் அதுதான் நிலை.

எனவே வேலையை எங்கே தொடங்குவது? உரிமை உண்மையிலேயே போயிருக்கிறதா என்று பார்ப்பதில். நிறையப் பேர் போகாத உரிமையை போய்விட்டதாக நினைத்து வருஷக்கணக்கில் ஒதுங்கியே இருக்கிறார்கள். மிஸ்டிமீனர் என்கிற சிறு குற்றத்துக்கு ஓட்டு போகாது. விசாரணைக் கைதியாக ஜெயிலில் இருந்தாலும் போகாது. ஃபெலனி வழக்கிலேயே நீதிபதி ‘அட்ஜுடிகேஷன் வித்ஹெல்ட்’ என்று தீர்ப்பைப் பதிவு செய்யாமல் நிறுத்தி வைத்து ப்ரொபேஷன் (சிறைக்கு வெளியே கண்காணிப்பில் இருப்பது) மட்டும் கொடுத்திருந்தால், ஓட்டுரிமை விஷயத்தில் அது தண்டனைக் கணக்கில் வராது. தீர்ப்புக் காகிதத்தில் அந்த இரண்டு வார்த்தை இருக்கிறதா என்று தேடுங்கள், இருந்தால் பாதி தலைவலி அங்கேயே தீர்ந்தது.

வழக்கு வேறு மாநிலத்தில் நடந்திருந்தால் அந்த மாநிலத்துச் சட்டம்தான் கணக்கு. அங்கே ஓட்டுப் போடலாம் என்றால் ஃப்ளோரிடாவிலும் போடலாம். 2024 மே மாதம் நியூயார்க்கில் ஃபெலனி குற்றவாளி என்று தீர்ப்பான டிரம்ப், அந்த நவம்பரில் ஃப்ளோரிடாவில் போய் ஓட்டுப் போட்டது இந்த வழியில்தான். நியூயார்க்கில் சிறையில் இல்லாதவரை ஓட்டு உண்டு. அவருக்குச் செல்லுபடியாகும் விதி உங்களுக்கும் செல்லும்.

அடுத்தது குற்றத்தின் வகை. கொலை, ஃபெலனி அளவிலான பாலியல் குற்றம் இந்த இரண்டும் நான்காவது திருத்தத்துக்கு வெளியே. எத்தனை வருஷம் ஆனாலும் தானாக எதுவும் திரும்பாது, கருணை வாரியம்தான் ஒரே வழி (அதற்குக் கடைசியில் வருகிறேன்). மற்றவர்கள் சிறை, பரோல், ப்ரொபேஷன் மூன்றும் முடிந்ததற்கான காகிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல்தான் பணம், ஆட்கள் சிக்கிக்கொள்ளும் இடம். யார் எவ்வளவு பாக்கி என்று ஒரே இடத்தில் பார்க்கும் வசதி மாநிலத்தில் இல்லை. எந்தக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) தண்டனை ஆனதோ அந்தக் கவுண்டியின் கோர்ட் கிளார்க் அலுவலகத்தில் கேட்க வேண்டும், மூன்று கவுண்டியில் வழக்கு என்றால் மூன்று இடம். ஃபெடரல் வழக்கு என்றால் ஃபெடரல் கோர்ட் கிளார்க். போகும்போது ‘பாக்கி எவ்வளவு’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘என் ஜட்ஜ்மென்ட் அண்ட் சென்டன்ஸ் (தீர்ப்பும் தண்டனையும்) ஆவணத்தின் நகல் வேண்டும்’ என்று கேளுங்கள். காரணம், ஓட்டுரிமைக்காகக் கட்ட வேண்டியது அந்த ஆவணத்துக்குள் நீதிபதி தண்டனையின் பகுதியாக எழுதிய தொகை மட்டும். அப்புறம் ஏறிய வட்டி, வசூல் ஏஜென்சி போட்ட கட்டணம், பிற்பாடு சேர்ந்த மற்ற கட்டணங்கள் எல்லாம் வேறு கடன். அதைக் கட்டாவிட்டால் வேறு தொல்லைகள் வரலாம், ஆனால் ஓட்டுக்கு அது குறுக்கே நிற்காது. கிளார்க் அலுவலகத்தின் கணினியில் தெரியும் மொத்தத் தொகையில் இவை இரண்டும் கலந்தே இருக்கலாம் என்பதால், ஆவணத்தைப் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பிரியுங்கள். தண்டனைத் தொகையை நீதிபதி சிவில் கடனாக மாற்றிவிட்டார், இனி கவலை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாற்றினாலும் கட்டும்வரை அது பாக்கிதான்.

கையில் காசு இல்லையா? நீதிபதி தொகையைச் சமூக சேவை மணிநேரமாக மாற்றலாம், அந்த மணிநேரத்தை முடித்தால் கட்டியதாகக் கணக்கு. பணம் யாருக்குச் சேர வேண்டுமோ அவர் சம்மதித்தால் நீதிபதி அந்தத் தொகையையே ரத்து செய்யவும் முடியும். இரண்டுக்கும் தண்டனை கொடுத்த கோர்ட்டில் மனு போட வேண்டும். இதற்காகப் பெரிய வக்கீலைத் தேடிக் கடன் வாங்குவதற்கு முன் இலவச சட்ட உதவி மையத்தைக் கேட்டுப் பாருங்கள். நான்காவது திருத்தத்துக்காகப் போராடிய டெஸ்மண்ட் மீட் தலைமையில் இயங்கும் ஃப்ளோரிடா ரைட்ஸ் ரெஸ்டோரேஷன் கோயலிஷன் அமைப்பும் இதே வேலையைச் செய்கிறது, அபராதம் கட்ட நிதி திரட்டியும் உதவியிருக்கிறார்கள்.

எல்லாம் கூட்டிக் கழித்த பிறகும் சந்தேகம் இருந்தால் ‘போட்டுப் பார்ப்போம், தப்பென்றால் அவர்களே சொல்வார்கள்’ என்று மட்டும் இறங்காதீர்கள். பதிவுப் படிவத்தில் உங்கள் உரிமை திரும்பிவிட்டது என்று உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறீர்கள். அது பொய் என்று தெரிந்தே போட்டால் அதுவே ஒரு புது ஃபெலனி, ஐந்து வருஷம் வரை தண்டனை. 2022 ஆகஸ்டில் தகுதி இல்லாமல் ஓட்டுப் போட்டதாக 20 பேரைக் கைது செய்ததை கவர்னரே மேடை போட்டு அறிவித்தார். அவர்களில் பலருக்கு அரசாங்கமே வாக்காளர் அட்டை அனுப்பியிருந்தது. எனக்கு அது அநியாயமாகத்தான் படுகிறது, ஆனால் பாடம் தெளிவு: அட்டை வந்ததை உரிமை வந்ததற்கான அத்தாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. மாநிலத் தேர்தல் பிரிவிடம் எழுதிக் கேட்டால் உங்கள் விஷயத்தில் முறையான ஆலோசனைக் கருத்து தருவார்கள். அதை நம்பி நல்லெண்ணத்தோடு நடந்தவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. பதில் வரும்வரை பொறுங்கள்.

தகுதி உறுதியானதும் மீதி சுலபம். ஆன்லைனில் அல்லது கவுண்டி தேர்தல் மேற்பார்வையாளர் அலுவலகத்தில், தேர்தலுக்கு 29 நாள் முன்னதாகப் பதிவு செய்ய வேண்டும். பதிவான பிறகு உங்கள் தகுதியில் சந்தேகம் என்று கவுண்டியிலிருந்து கடிதம் வந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பதில் சொல்ல 30 நாள்தான், விட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள். முன்னே சேர்த்த காகிதங்கள் அப்போதுதான் கை கொடுக்கும்.

கடைசியாக மற்ற உரிமைகள். நான்காவது திருத்தம் ஓட்டை மட்டும்தான் திருப்பித் தருகிறது. ஜூரியில் உட்காரவும் தேர்தலில் நிற்கவும், கொலை, பாலியல் குற்ற வழக்குக்காரர்கள் ஓட்டைத் திரும்பப் பெறவும், மாநிலத் தலைநகர் டலஹாசியில் உள்ள கருணை அலுவலகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் இல்லை. ஒவ்வொரு ஃபெலனிக்கும் குற்றச்சாட்டு ஆவணம், தீர்ப்பு, தண்டனை ஆகியவற்றின் சான்றிட்ட நகல் வேண்டும். முடிவெடுப்பது கவர்னரும், அட்டர்னி ஜெனரல், நிதி அதிகாரி, வேளாண் ஆணையர் ஆகிய மூவரும் சேர்ந்த கருணை வாரியம். கவர்னரோடு இன்னும் இரண்டு பேர் ஒத்துக்கொண்டால் கிடைக்கும், கவர்னர் வேண்டாம் என்றால் காரணமே சொல்லாமல் முடிந்துபோகும். துப்பாக்கி உரிமைக்குத் தண்டனை முடிந்து 8 வருஷம் கழித்துத்தான் விண்ணப்பிக்கலாம், ஃபெடரல் குற்றம் என்றால் அதை மாநில வாரியத்தால் தரவே முடியாது. பதில் வர நாளாகும். நடுவில் வீடு மாறினால் புது முகவரியை எழுதிப் போட்டுவிடுங்கள், பதில் பழைய வீட்டு லெட்டர் பாக்ஸில் கிடந்து யாருக்கும் பிரயோஜனம் இல்லை.