புரியாததற்குத் தலையாட்டாதீர்கள்: புது நாட்டில் ஆங்கிலம் பேசப் பழகுவது எப்படி

பள்ளியில் பத்து வருஷம் ஆங்கிலம் படித்து, பரீட்சையில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருப்போம். ஆனால் புது நாட்டில் வந்து இறங்கிய முதல் வாரத்தில், கவுன்டரில் இருப்பவர் பேசுவதில் பாதிகூடப் பிடிபடாமல் நிற்போம். இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. நாம் படித்தது எழுத்து ஆங்கிலம், பேச்சு ஆங்கிலத்தைத் தனியாகத்தான் பழக வேண்டும். அதில் முதலில் பழக வேண்டியது இலக்கணம் இல்லை, திருப்பிக் கேட்பது.

வந்த புதிதில் டாக்டரைப் பார்க்க போனில் நேரம் வாங்கினேன். அந்தப் பக்கம் சொன்னது டூ ஃபிஃப்டீன், என் காதில் விழுந்தது டூ ஃபிஃப்டி. சந்தேகம் இருந்தது, ஆனாலும் இன்னொரு தடவை கேட்கக் கூச்சப்பட்டு ஓகே சொல்லி வைத்துவிட்டேன். 2:50-க்குப் போனால் என் முறை முடிந்து போயிருந்தது. அன்றிலிருந்து எண் எதுவாக இருந்தாலும் "இஸ் தட் ஒன் ஃபைவ், ஆர் ஃபைவ் ஜீரோ?" என்று கேட்டுவிடுகிறேன், யாரும் இதுவரை முகம் சுளித்ததில்லை.

திருப்பிக் கேட்பதிலும் ஒரு வழி இருக்கிறது. வெறும் "சாரி?" என்றால் முழுவதையும் அதே வேகத்தில் மறுபடி சொல்வார்கள், மறுபடியும் புரியாது. அதனால் புரிந்த வரைக்கும் நீங்களே சொல்லி, விட்டுப்போனதை மட்டும் கேளுங்கள்: "யூ செட் தர்ஸ்டே. அட் வாட் டைம்?" நீங்கள் கவனித்துக் கேட்கிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும், பதிலும் சின்னதாக வரும். ஒன்றுமே புரியவில்லையா, "குட் யூ சே தட் எ லிட்டில் மோர் ஸ்லோலி, ப்ளீஸ்?" போதும்.

சரி, தெரிந்த வார்த்தைகள்கூட ஏன் காதில் விழுவதில்லை? தமிழில் ஏறக்குறைய எல்லா அசையையும் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் முக்கியமான வார்த்தையில்தான் அழுத்தம் விழும், மற்றதெல்லாம் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். "வாட் டு யூ வான்ட் டு டூ" என்று நாம் படித்தது அவர்கள் வாயில் "வாடய வானடு" மாதிரி வரும். ஃபிஃப்டீனுக்கும் ஃபிஃப்டிக்கும் பெரிய அடையாளமே அழுத்தம்தான், முதலாவதில் கடைசி அசையில், இரண்டாவதில் முதல் அசையில். 'கேன்', 'கேன்ட்' குழப்பமும் இதே வகை. முடியும் என்று சொல்லும்போது பெரும்பாலும் அது "கன்" என்று லேசாக ஓடிவிடும். முடியாது என்றால் அந்த வார்த்தை அழுத்தமாக, முழுதாக வரும், கடைசி 'ட்' மட்டும் பல நேரம் கேட்காது. அதனால் 'ட்' வருகிறதா என்று காத்திருக்காமல் அழுத்தத்தைக் கவனியுங்கள்.

இதற்கு நான் கண்ட ஒரே நல்ல பயிற்சி, நீங்கள் இருக்கும் ஊர்க்காரர்கள் பேசும் ஒரு வானொலித் துண்டையோ வீடியோவையோ 30 வினாடிக்கு எடுத்துக்கொண்டு, அதே 30 வினாடியை ஒரு வாரம் திரும்பத் திரும்பப் போட்டு, அவர்கள் குரலோடு சேர்ந்து, நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, இழுக்கும் இடத்தில் இழுத்துப் பேசுவது. தினம் பத்து நிமிஷம் போதும். ஒன்று, நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். மூட்டை கட்டுகிற 'பேக்', முதுகைச் சொல்கிற 'பேக்' இரண்டும் தமிழில் எழுதினால் ஒன்றுதான், ஆங்கிலக் காதுக்கு வேறு வேறு வார்த்தை. காதால் படியுங்கள்.

இன்னொரு பெரிய பள்ளம், ஆமாம்-இல்லை. "நீங்க வரலையா?" என்றால் நாம் "ஆமாம், வரலை" என்போம். ஆங்கிலத்தில் "ஆரன்ட் யூ கமிங்?" என்று கேட்டால், வராதவர் "நோ, ஐ ஆம் நாட்" என்றுதான் சொல்ல வேண்டும். "யெஸ்" என்றால் வருகிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். "டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?" என்பதும் இப்படித்தான். உட்காரட்டும் என்று நினைத்தால் "நோ, கோ அஹெட்". கொஞ்ச நாளைக்கு யெஸ், நோ மட்டும் சொல்லி நிறுத்தாமல், "ஐ ஆம் கமிங்", "ஐ ஆம் நாட் கமிங்" என்று முழுதாகவே சொல்லிவிடுங்கள், தகராறே இல்லை.

பேசும்போது தமிழில் யோசித்து ஆங்கிலத்துக்கு மாற்றினால் நேரம் போதாது. நமக்கு வினை கடைசியில், அவர்களுக்கு நடுவில், அதற்குள் மூச்சு முட்டிவிடும். அதனால் தொடக்கங்களை அப்படியே வாயில் ஏற்றி வையுங்கள்: "குட் ஐ கெட்...", "ஐ ஆம் காலிங் அபௌட்...", "டூ யூ நோ வேர்...". அப்புறம் வேண்டிய பொருளைச் சேர்த்தால் வாக்கியம் ஆகிவிடும். "ஐ வான்ட்" தப்பில்லை, ஆனால் முன்பின் தெரியாதவரிடம் அது அதிகாரமாகக் கேட்கும். "குட் ஐ" என்று தொடங்கினாலே தொனி மாறிவிடும்.

போனில் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டிவரும். எம், என் இரண்டும் ஒன்றாகவே கேட்கும், ஆகவே "எம் ஃபார் மைக், என் ஃபார் நவம்பர்" என்று உங்கள் பெயருக்கு வேண்டியதை இன்றே எழுதி வையுங்கள்.

பேச ஆள் வேண்டுமென்றால் பல நாடுகளில் பொது நூலகத்தில் உரையாடல் குழுக்கள் நடக்கின்றன. குடியேறியவர்களுக்கு அரசு வகுப்புகளும் உண்டு, கனடாவில் லிங்க் (LINC), ஆஸ்திரேலியாவில் ஏ.எம்.இ.பி. (AMEP). லிங்க் மாதிரியான சிலவற்றில் குடியுரிமை வாங்கிய பிறகு சேர முடியாது, ஆகவே தள்ளிப்போடாமல் விசாரித்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை மனசார வேண்டிக் கேட்கிறேன். ஆஸ்பத்திரிக்கு உங்கள் பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துப் போகாதீர்கள். அம்மாவின் நோயைப் பத்து வயதுக் குழந்தை தன் வாயால் சொல்லக் கூடாது, சொல்லவும் தெரியாது. பல ஆஸ்பத்திரிகளில் போன் வழியாகவாவது மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்வார்கள், நேரம் வாங்கும்போதே கேட்க வேண்டும். அதற்கான வரி: "ஐ நீட் எ டமில் இன்டர்ப்ரெட்டர், ப்ளீஸ்."