வங்கக் கடல் தாண்டும் பாய்ப்படகுக்குச் செட்டிநாட்டிலிருந்து சரக்கு கட்டும் முறை

நாகப்பட்டினத்திலிருந்து மலேசியாவின் பினாங்கு ஏறத்தாழ 1,250 கடல் மைல். 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகம் கிடைத்தால் பத்துப் பதினோரு நாள்; காற்று விழுந்துவிட்டால் பதினைந்தும் ஆகும். சரக்கை 20 நாளுக்குக் கணக்குப் போடுங்கள்.

முதலில் தண்ணீர். குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் மூன்று பேருக்கு 240 லிட்டர். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் நிரப்பினால், தேய்ந்த வாஷர் ஒன்று உப்புத்தண்ணீரை உள்ளே விட்டாலே அத்தனையும் போச்சு. பாதியை 10 லிட்டர் கேன்களில் பிரித்து, படகின் நடுவில், தாழ்வாகக் கட்டுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை புயல் காலம். ஆகவே தையில் மழை ஓய்ந்த பிறகே புறப்பாடு. இங்கேதான் வத்தல் காலை வாரும். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன வீடுகளுக்கு வத்தலும் உப்புக்கண்டமும் புதிதில்லை. ஆனால் போன சித்திரை வெயிலில் காய்ந்தது மழைக்கால ஈரத்தை உறிஞ்சியிருக்கும். கத்தரி வத்தலை வளைத்துப் பாருங்கள்: ஒடிய வேண்டும், வளையக்கூடாது. வளைந்தால் மறுபடி இரண்டு நாள் வெயில். நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். உப்பே ஈரத்தை இழுக்கும் என்பதால் மோர் மிளகாயை ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டுவது நல்லது. அட்டைப்பெட்டி எதையும் படகில் ஏற்றாதீர்கள். கரப்பான் முட்டை அதில்தான் வரும்.

வடகம் வேண்டாம். ஆடும் படகில் எண்ணெய்ச் சட்டி வைப்பது பைத்தியக்காரத்தனம். அப்பளத்தைச் சுட்டுக்கொள்ளலாம், வத்தலைக் குழம்பில் போடலாம். புழுங்கல் அரிசி 18 கிலோ போதும். வண்டு வராமல் காய்ந்த மிளகாய் போட்டு வையுங்கள். சோற்றை வடித்தால் தண்ணீர் வீணாகும், குக்கரில் அளந்து ஊற்றி வையுங்கள். புளிக்காய்ச்சலில் நல்லெண்ணெய் மேலே மிதக்க வேண்டும், ஈரக்கரண்டி படக்கூடாது.

முதல் இரண்டு மூன்று நாள் குமட்டலில் அடுப்படிப் பக்கமே யாரும் போக மாட்டார்கள். அவல், சீப்புச் சீடை, இஞ்சி மூன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

சமையல் முடிந்ததும் சிலிண்டர் வால்வையே மூடுங்கள், அடுப்புத் திருகை மட்டும் நம்பாதீர்கள். கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் படகின் அடியில் தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும்.

உப்புக்கண்டத்தைக் கரை சேருமுன் தின்று தீர்த்துவிடுங்கள். அனுமதிச் சீட்டில்லாத இறைச்சியை மலேசியாவுக்குள் விடமாட்டார்கள்.