சாவை மறைத்தால் வரும் வம்பு

போன வாரம் காசிமேட்டிலிருந்து ஒரு பையன் ஓடி வந்தான். "அண்ணா, மாமா மாடிப்படியில வழுக்கி விழுந்து ராத்திரி போயிட்டாரு. மாரடைப்புன்னு ஒரு டாக்டர் லெட்டர் வாங்கிக் கொடுங்கண்ணா, சாயங்காலம் எடுத்துடணும்" என்றான். எனக்குப் பகீரென்றது. தண்டையார்பேட்டையில் மனு எழுத உட்கார்ந்த புதிதில் நானே செய்த தப்பு இது. சாவு வீட்டில் செய்யும் பெரிய தப்புகளை மட்டும் இங்கே சொல்கிறேன். எழுத்துப் பிழை, ஆதார் நகலை மறப்பது மாதிரி சில்லறைத் தவறுகளை எல்லாம் விட்டுவிடுகிறேன்.

விபத்துச் சாவை 'இயற்கை' ஆக்குவது

அந்தக் காலத்தில் ஒரு விசைப்படகுத் தொழிலாளி ஐஸ் ஏற்றும்போது வழுக்கி விழுந்தார். இரண்டு நாள் வீட்டிலேயே கிடந்து இறந்தார். உடலை வைத்திருந்த பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். பின்மண்டைக் காயத்தில் மஞ்சளை அப்பி, மேலே துண்டைச் சுற்றியிருந்தார்கள். "போலீஸு வந்தா அறுத்துடுவாங்க தம்பி" என்று அவர் மனைவி அழுதார். நானும் பெரிய மனுஷன் மாதிரி, "நெஞ்சுவலின்னே சொல்லிடுங்கக்கா" என்றேன். அன்று மாலையே மயானத்தில் எரித்தாயிற்று.

மூன்று மாதம் கழித்து, மீனவர் விபத்துக் காப்பீட்டுக்கு மனு எழுத அதே அக்கா என்னிடமே வந்தார். எஃப்.ஐ.ஆர். இல்லை, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் இல்லை. இருந்த ஒரே காகிதத்தில் நெஞ்சுவலி என்று இருந்தது, நான் சொல்லிக்கொடுத்த வார்த்தை. ஒரு பைசா வரவில்லை. அன்றைக்குத் தொகை குறைவு, இன்று அந்தக் காப்பீடு 5 லட்சம். இப்போது நினைத்தாலும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

பணம் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். விபத்து, தற்கொலை, சந்தேகச் சாவு எதுவானாலும் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்ல வேண்டும். அவர்கள் அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் இரண்டு பேரையாவது வைத்துக்கொண்டு விசாரித்து அறிக்கை எழுதுவார்கள். கல்யாணமாகி 7 வருஷத்துக்குள் ஒரு பெண் சந்தேகமான முறையில் இறந்தால் இன்னும் கண்டிப்பு, கோட்டாட்சியர் வரை போகும். அவசரமாகப் புதைத்த பிறகு சொந்தத்தில் யாராவது புகார் கொடுத்தால், தாசில்தார் முன்னிலையில் தோண்டி எடுப்பார்கள். அறுக்கக் கூடாது என்று பயந்த வீட்டுக்காரர்களே அழுகிய உடலை அறுக்கக் கொடுக்க வேண்டிவரும். அது கொலை என்று தெரியவந்தால், தெரிந்தே தடயத்தை மறைத்தவருக்கு பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 238-ஆம் பிரிவில் 7 வருஷம் வரை ஜெயில். மனு எழுதுகிறவன் மாட்டமாட்டான் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

அந்தப் பையனை நானே ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன். மறுநாள் மதியம் உடலைத் தைத்து வெள்ளைத் துணி சுற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

'அபராதம் 250 ரூபாய்தானே'

சாவைப் பதியாமல் விட்டால் போடும் அபராதம் இது. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 2023 திருத்தத்துக்கு முன்பு அது வெறும் 50. அபராதத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். வீட்டில் நடந்த சாவை 21 நாளுக்குள் பதிய வேண்டும், பொறுப்பு குடும்பத் தலைவருடையது. 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு முடியும். அதைத் தாண்டினால் அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி. ஒரு வருஷம் தாண்டினால் கோட்டாட்சியர் உத்தரவு வாங்கி வரச் சொல்வார்கள். அதுவரை வாரிசு சான்றிதழ், பட்டா மாற்றம், குடும்ப பென்ஷன் எல்லாம் அப்படியே நிற்கும்.

சொந்த ஊரில் பதிவது

இறந்தது வியாசர்பாடி, எரித்தது செய்யாறு என்றால் பதிவு சென்னை மாநகராட்சியில்தான்.

ஏடிஎம்

செத்தவர் கார்டைத் தொடாதீர்கள். மற்ற வாரிசுகள் புகார் கொடுத்தால் அதே பாரதிய நியாய சன்ஹிதாவின் 315-ஆம் பிரிவு, 3 வருஷம் வரை ஜெயில். "காரியச் செலவுக்குத்தான் சார் எடுத்தேன்" என்று ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு மருமகனை எனக்குத் தெரியும். மாமனார் இறந்தது 4-ஆம் தேதி என்று பதிந்ததும் அவரேதான். பணம் எடுத்தது 6-ஆம் தேதி.