கரைக்கு இறங்கும் நாளில் கப்பல் நேரம் காட்டும் கைக்கடிகாரம்

உல்லாசக் கப்பல் பயணத்தில் ஊர் பார்க்கக் கரை இறங்கும்போது, குடும்பத்தில் ஒருவராவது சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். கப்பலில் தரும் அன்றைய நிகழ்ச்சித் தாளையும் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். அனைவரும் கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரமும், பெரும்பாலும் துறைமுக முகவரின் (அந்த ஊரில் கப்பல் நிறுவனத்தின் சார்பில் செயல்படுபவர்) தொலைபேசி எண்ணும் அதில் இருக்கும்.

கரையில் கால் வைத்ததும் கைப்பேசி உள்ளூர் அலைபேசிக் கோபுரத்தின் நேரத்துக்குப் பெரும்பாலும் தானாகவே மாறிவிடும். கப்பலோ சில துறைமுகங்களில் தன் நேரத்தை மாற்றாமலே நிற்கும். இதனால் வரும் நேர வித்தியாசத்தைக் கவனிக்காத குடும்பம் கப்பலைத் தவறவிட்டு, குழந்தைகளையும் பைகளையும் சுமந்துகொண்டு அடுத்த துறைமுகத்துக்குத் தன் செலவிலேயே போய்ச் சேர வேண்டியிருக்கும். கப்பல் புறப்படும் நேரத்தைப் பார்த்துக் கணக்குப் போடவும் கூடாது. திரும்பும் கெடு அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாகவே முடிந்துவிடும்.

கப்பலும் உள்ளூர் நேரத்துக்கே மாறுவதாக அறிவித்திருந்தால் இந்தக் கடிகாரம் தேவையில்லை. கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போனாலும் கவலை குறைவு. அது தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். ஆனால் கப்பல் கரைக்குச் சற்றுத் தள்ளிக் கடலில் நங்கூரமிட்டு, சிறுபடகில் கரை சேர்க்கும் இடங்களில் கடைசிப் படகு புறப்படும் நேரத்தையே கெடுவாகக் கொள்ளுங்கள். படகுத்துறையில் வரிசை நீளும், சிறுபிள்ளைகளோடு போகிறவர்கள் இன்னும் முன்னதாகவே திரும்புவது நல்லது.