அலுமினியம் அசையாமல் கிடந்தால் நம்பிவிடாதீர்கள்

புதிதாக ஆய்வகத்துக்கு வந்தவர்களின் குறிப்பேடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். மூன்று பேர் ஒரே வரியை எழுதியிருந்தார்கள்: "அலுமினியம் தாமிரத்தை இடப்பெயர்ச்சி செய்யவில்லை." என் பழைய குறிப்பேட்டிலும் அதே வரி அப்படியே இருக்கிறது. சமன்பாட்டைச் சமன் செய்ய மறப்பது, பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் நிற்பது எல்லாம் யாரும் சொல்லித்தரக்கூடியவை. அவற்றை விட்டுவிட்டு, யாரும் சொல்லித்தராத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் வினை இல்லை என்று எழுதுவது

வினைபடு திறன் வரிசையைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். மேலே இருக்கும் உலோகம் கீழே இருப்பதை அதன் உப்புக் கரைசலிலிருந்து வெளியேற்றும். வரிசையில் இடத்தைக் காட்டும் எண் திட்ட மின்முனை அழுத்தம், அது குறையக் குறைய உலோகம் மேலே போகும்: அலுமினியத்துக்கு −1.66 வோல்ட், இரும்புக்கு −0.44, தாமிரத்துக்கு +0.34. இதன்படி இரும்பை அலுமினியம் முந்த வேண்டும். ஆனால் மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் இரும்பு ஆணி சில நிமிடங்களில் செம்பு பூசிக்கொள்கிறது. அலுமினியத் துண்டோ மணிக்கணக்கில் பளபளவென்று கிடக்கிறது.

கரைசல் உலோகத்தைத் தொடவே இல்லை, அதுதான் விஷயம். காற்றுப் பட்டவுடன் அலுமினியத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் மூடிக்கொள்கிறது. உப்புத்தாளால் தேய்த்தாலும் உடனே மறுபடி மூடிவிடும். கண்ணாடிக் குடுவையில் கொஞ்சமாகக் கரைசலை எடுத்து, ஒரு சிட்டிகை சாப்பாட்டு உப்பைப் போட்டுப் பாருங்கள். குளோரைடு அயனி அந்தப் படலத்தை அரித்துவிடும். பிறகு குமிழி, சூடு, செம்பழுப்புத் துகள் எல்லாம் வரும்.

எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. "வினை இல்லை" என்று நானே எழுதிய தைரியத்தில், மிச்சமிருந்த அடர் காப்பர் குளோரைடு கரைசலை ஒரு அலுமினியத் தட்டில் ஊற்றிவைத்தேன். தட்டு கொதித்தது. துணி தேடி ஓடி வருவதற்குள் அடியில் ஓட்டை, மேசையெல்லாம் பச்சையும் பழுப்புமாகக் குழம்பு. ஹைட்ரஜனும் வந்துகொண்டிருந்தது, பக்கத்தில் பர்னர் எரியாதது என் நல்ல நேரம். மேசைப் பலகையையே மாற்ற வேண்டியதாயிற்று.

தட்டு போனதைக்கூட மறந்துவிட்டேன். வரிசை அட்டவணை எதிரே சுவரில் தொங்க, அதற்கு முரணாக எழுதுகிறோமே என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லையே, அதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. வினை நடக்க முடியுமா என்பதைத்தான் வரிசை சொல்லும். எவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்று அதைக் கேட்டால் பதில் கிடைக்காது.

ஆணியை விசாரிக்காமல் போடுவது

துத்தநாக முலாம் பூசிய ஆணி என்றால் நீங்கள் பார்ப்பது துத்தநாகத்தின் வேலை. சந்தேகமா? படிந்த தாமிரம் உதிராமல் எடை போடுங்கள். 55.8 கிராம் இரும்பு கரைந்தால் 63.5 கிராம் தாமிரம் படியும், எடை கூடும். துத்தநாகமானால் கரைவது 65.4 கிராம், எடை குறையும்.

கறுப்பாகப் படிந்தால் தாமிரம் இல்லை என்பது

தாமிரம்தான். துகள் மிக நுண்ணியது, அதனால் கறுப்பு.

ஃபெர்ரிக் சல்பேட் என்று எழுதுவது

ஆணி கரைந்து வருவது ஃபெர்ரஸ் சல்பேட், அதாவது இரும்பு(II). ஃபெர்ரிக் என்றால் இரும்பு(III).

சோடியத்தைக் கரைசலில் போட்டுப் பார்ப்பது

வேண்டாம். அது முதலில் தண்ணீரைத்தான் பிடிக்கும். தாமிரத்துக்குப் பதில் நீல ஹைட்ராக்சைடு வீழ்படிவு கிடைக்கும், கூடவே தீ.