வாடகைக் காரில் குமரி மாவட்டம்: மூன்று நாள் பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தைக் காரில் சுற்றிப் பார்க்க வருபவர்களில் பலர் வரைபடத்தைப் பார்த்தவுடனேயே தவறாகக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து மேற்கே களியக்காவிளை எல்லை வரை நெடுஞ்சாலை வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர்தான். மாவட்டத்தின் மொத்தப் பரப்பே 1,700 சதுர கிலோமீட்டரை எட்டாது. ஆகவே காலையில் கடல், நண்பகலில் அரண்மனை, மாலையில் அருவி என்று ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இங்கே ஓர் ஊர் முடிந்து மற்றோர் ஊர் தொடங்கும் இடத்தில் வெற்றுவெளி என்று எதுவும் இருப்பதில்லை. வீடு, தோப்பு, கடை, கோயில், தேவாலயம், பள்ளிக்கூடம் என்று சாலையின் இருபுறமும் இடைவிடாமல் வந்துகொண்டே இருக்கும். உட்சாலைகளில் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் கணக்கு வைத்துக்கொள்பவர் எங்கும் நேரத்துக்குப் போய்ச் சேர மாட்டார். எனவே பயணத்தைத் தூரத்தால் திட்டமிடாமல் மணிநேரத்தால் திட்டமிட வேண்டும்.

பாலை நீங்கலாக நால்வகை நிலமும் உள்ள மாவட்டம் என்று உள்ளூரில் பெருமையாகச் சொல்வார்கள். அது பயணத் திட்டத்துக்கும் பயன்படும் உண்மை. கன்னியாகுமரி முனையும் அதைச் சுற்றிய வயல்களும் ஒரு நாள், மேற்குக் கடற்கரை ஒரு நாள், தக்கலைக்கு வடக்கே ரப்பர்க் காடும் மலையடிவாரமும் ஒரு நாள் என்று பிரித்துக்கொண்டால், ஒரு நாளில் 100 கிலோமீட்டருக்குமேல் ஓட்ட வேண்டிய தேவையே வராது. வாடகை நிறுவனங்கள் கிலோமீட்டர் வரம்பில்லாத திட்டத்தைக் கூடுதல் கட்டணத்துக்கு விற்க முயலும்போது இந்தக் கணக்கை நினைவில் கொள்ளுங்கள். குறைந்த வரம்புள்ள திட்டமே போதுமானது.

காரைத் திருவனந்தபுரத்திலும் எடுக்கலாம், நாகர்கோவிலிலும் எடுக்கலாம். விமானத்தில் வருபவர்களுக்குத் திருவனந்தபுரம் வசதியாகத் தெரிந்தாலும், கேரளப் பதிவெண் கொண்ட வாடகை வண்டி மாநில எல்லையைத் தாண்டுவதற்குரிய அனுமதியும் வரியும் செலுத்தப்பட்டுள்ளனவா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறாமல் புறப்படக் கூடாது. இரயிலில் வருபவர்கள் நாகர்கோவில் சந்திப்பில் இறங்கி அங்கேயே வண்டி எடுப்பது எளிது. எந்த ஊரில் எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது எண் பலகையை. ஓட்டுநர் இல்லாமல் வாடகைக்கு விட முறையாக அனுமதி பெற்ற காரில் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகைச் சொந்தக் காரை நண்பர் வண்டி என்று சொல்லி மலிவாகக் கொடுப்பவர்கள் உண்டு. விபத்து நேர்ந்தால் அதற்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்க இடமுண்டு. மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாய்க்கு அந்த ஆபத்தை ஏற்பது புத்திசாலித்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை.

வண்டியின் அளவைப் பொறுத்தவரை, குடும்பத்தில் நால்வர் என்றால் சிறிய கார்தான் சரி. பெரிய வண்டி நெடுஞ்சாலையில் சுகமாக இருக்கும். ஆனால் இந்த மாவட்டத்தில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால்தான் பார்க்க வேண்டியது எதுவும் கண்ணில் படும், இறங்கிய பிறகு அகலமான வண்டி சுமையாகிவிடும். சாவியை வாங்கும் முன் காரைச் சுற்றி வந்து, நான்கு சக்கரங்கள், பம்பரின் அடிப்பகுதி, கண்ணாடிகள், கிலோமீட்டர் அளவு, எரிபொருள் முள் ஆகியவற்றைக் கைப்பேசியில் காணொளியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஒருமுறை நான் இதைச் சோம்பேறித்தனத்தால் விட்டுவிட, முந்தைய வாடிக்கையாளர் போட்ட கீறலுக்கு என் முன்பணத்திலிருந்து கழித்துக்கொண்டார்கள். வாதாட என்னிடம் சான்று ஏதும் இல்லை. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா, பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்றிதழ் ஆகியவை நடப்பில் உள்ளனவா, பாஸ்டேக்கில் இருப்பு எவ்வளவு என்பவற்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் வருபவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: தேங்கிய தண்ணீரில் ஓட்டி எஞ்சினுக்குள் நீர் புகுந்தால் அந்தச் சேதத்தைச் சாதாரணக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை.

மழைக்காலம் என்றால் எது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் இங்கே பெய்கின்றன. ஜனவரியும் பிப்ரவரியும் ஓட்டுவதற்கு மிக எளிய மாதங்கள். ஆகஸ்டில் மலையும் வயலும் கண்கொள்ளாப் பசுமையாக இருக்கும் என்பதால், மழையில் நிதானமாக ஓட்டத் தெரிந்தவர்களுக்கு நான் அந்த மாதத்தையே சொல்வேன். அப்போது திருநெல்வேலிப் பக்கமிருந்து வருபவர்கள் முப்பந்தலில் காற்றாலைகள் தென்படத் தொடங்கும்போதே இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கணவாய்க் காற்று சிறிய காரைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும். கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலை பக்தர்களின் வேன்களால் கன்னியாகுமரி ஊரே நிறைந்துவிடும். வண்டி நிறுத்த இடம் தேடியே ஒரு மணி நேரம் போய்விடக்கூடும்.

முதல் நாளை முனையிலிருந்து தொடங்கலாம். சூரிய உதயத்துக்கு முன்பே காரை நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு நடந்து செல்லுங்கள். உதயம் முடிந்ததும் விடுதிக்குத் திரும்பிப் படுத்துவிடாமல் நேராகப் படகுத்துறை வரிசையில் போய் நிற்பது நல்லது. காலை 8 மணிக்குப் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகள் புறப்படத் தொடங்கும், 10 மணிக்கு வரிசை தெருவைத் தொடும். விவேகானந்தர் பாறைக்கும் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலைக்கும் இடையே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. அதன் பிறகு, நீர்மட்டம் தாழ்ந்து சிலைப் பாறையில் படகு அணைய முடியாத நாட்களிலும் நடந்தே சிலைக்குப் போகலாம். திரும்பி வந்து காரை எடுத்தால் வட்டக்கோட்டை சில கிலோமீட்டர்தான். கோட்டைச் சுவரின் மேல் நின்றால் ஒருபுறம் கடலும் மறுபுறம் தென்னந்தோப்புகளுக்கு மேலே மலைத்தொடரும் தெரியும். இந்த மாவட்டத்தின் நில அமைப்பை ஒரே பார்வையில் விளங்கிக்கொள்ள இதைவிடச் சிறந்த இடம் இல்லை. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நண்பகலில் நடை சாத்தியிருக்கும், ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே செல்ல வேண்டும், அனுமன் சிலையும் இசைத் தூண்களும் அவசரத்தில் பார்க்கக் கூடியவை அல்ல.

இரண்டாம் நாள் கடற்கரைச் சாலை. வாடகைக் கார் எடுத்ததற்கான முழுப் பலனும் இந்த நாளில்தான் கிடைக்கும் என்பது என் எண்ணம். பேருந்தில் வந்தால் ஓர் ஊரைப் பார்த்து மற்றோர் ஊருக்குப் போக நாகர்கோவிலுக்குத் திரும்ப வேண்டியிருக்கும். காரில் கன்னியாகுமரியை அடுத்த கோவளம் (கேரளத்தில் உள்ள கோவளம் வேறு), மணக்குடி, சொத்தவிளை, சங்குத்துறை, இராஜாக்கமங்கலம், முட்டம், மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு, குளச்சல் என்று கரையோரமாகவே மேற்கே போகலாம். மணக்குடிக் காயலின் குறுக்கே நிற்கும் பாலத்தில் சற்றே மெதுவாகச் செல்லுங்கள்; முன்பிருந்த பாலத்தை 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை பெயர்த்தெறிந்தது. முட்டத்தில் கலங்கரை விளக்கமும் செம்மண் மேடும் பாறைகளும் ஒன்றாகச் சேர்ந்திருப்பதால், அங்கே ஒரு மணி நேரத்தையாவது ஒதுக்க வேண்டும். மணவாளக்குறிச்சியில் கடல் மணல் கறுத்தும் சிவந்தும் கிடப்பதற்குக் காரணம் அதிலுள்ள இல்மனைட், கார்னெட் முதலிய கனிமங்கள். குளச்சலில் 1741-இல் டச்சுப் படையை மார்த்தாண்ட வர்மா தோற்கடித்ததன் நினைவாக ஒரு தூண் நிற்கிறது. அந்தப் போரில் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய் பின்னர் திருவிதாங்கூர் படைக்கே தளபதியாகி, நீங்கள் முந்தைய நாள் ஏறி நின்ற வட்டக்கோட்டையைப் பலப்படுத்தினார்.

இந்தச் சாலை மீனவ ஊர்களின் வாசல் வழியாகவே செல்கிறது. சாலையோரத்தில் வலை உலரும், பெண்கள் மீன் கருவாட்டுக்குக் காயப்போட்டிருப்பார்கள், பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். அவர்களுடைய முற்றத்தில் நாம் கார் ஓட்டுகிறோம் என்ற நினைப்புடன் ஓட்டினால் போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் திருப்பலி முடியும் நேரத்தில் தேவாலயங்களின் முன் சாலை நிறைந்துவிடும் என்பதால், இந்த நாளை வேலைநாளில் அமைத்துக்கொள்வது நல்லது. மண்டைக்காட்டில் பகவதி அம்மன் கோயிலின் மாசிக் கொடைத் திருவிழா நடக்கும் நாட்களிலும் அந்தப் பக்கம் காரைத் திருப்ப வேண்டாம்.

காரை மணலில் இறக்காதீர்கள். கெட்டியாகத் தெரியும் மணலும் முன்சக்கரம் ஏறியவுடன் இளகிவிடும். சிக்கிக்கொண்டால் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் புதையும். இறங்கி, சக்கரத்தின் முன்னே மணலை வாரி எடுத்து, காய்ந்த தென்னை மட்டைகளைச் செருகி, முதல் கியரில் மெல்ல நகர்த்த வேண்டும். அலையைக் குறித்து இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காற்றோ மழையோ இல்லாத தெளிந்த நாளிலும் தொலைவில் எழுந்த அலை திடீரென்று கரையேறுவதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே மாதத்தில், அத்தகைய எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நாளில், கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். எச்சரிக்கைப் பலகையோ காவலரோ போகாதே என்றால் போகக் கூடாது, கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம் "அண்ணே, இன்னைக்குக் கடல் எப்படி?" என்று கேட்டு அவர் சொல்வதைக் கேட்டாலே பாதி ஆபத்து நீங்கிவிடும்.

மூன்றாம் நாள் திங்கட்கிழமையாக இருக்கக் கூடாது. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டில் இருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ளது, திங்கட்கிழமை விடுமுறை. சேலத்திலிருந்து வந்த என் அத்தை மகன் குடும்பத்தோடு பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியது இப்படித்தான். மற்ற நாட்களில் காலை 9 மணிக்கே உள்ளே சென்றுவிடுங்கள். திருவிதாங்கூரின் தலைநகரம் 1795-இல் திருவனந்தபுரத்துக்கு மாறும் வரை ஆட்சி நடந்த இந்த மரமாளிகையைக் கூட்டமில்லாமல் பார்க்க அதுவே தக்க நேரம்.

அங்கிருந்து குலசேகரம் பக்கம் திரும்பியவுடன் சாலையின் குணம் மாறிவிடும். ரப்பர்த் தோட்டங்களுக்கிடையே ஏறி இறங்கி வளைந்து செல்லும் சாலையில், மழைக்குப் பின் உதிர்ந்த இலைகள் மீது பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஒலிப்பானை ஒருமுறை அடித்து, ஏறிவரும் வண்டிக்கு வழிவிட்டுச் செல்ல வேண்டும். இறக்கத்தில் எரிபொருளை மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரலில் விடுவது ஆபத்து. இரண்டாம் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும். எதிரே அரசுப் பேருந்து வந்தால் அதன் ஓட்டுநருக்கு அந்தச் சாலை மனப்பாடம் என்பதை ஏற்றுக்கொண்டு, அகலமான இடம் பார்த்து ஒதுங்கி நின்றுவிடுங்கள்.

மாத்தூர் தொட்டிப்பாலம் 1966-இல் கட்டி முடிக்கப்பட்டது. பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், ஒரு மலையிலிருந்து மறு மலைக்குப் பாசன நீரைக் கொண்டு செல்லும் அந்தத் தொட்டியின் பக்கமாக நடந்து போகலாம். திற்பரப்பு அருவி கோதையாற்றில் இருக்கிறது. பேச்சிப்பாறை அணையிலிருந்து உபரிநீர் திறந்துவிட்டால் குளிக்கத் தடை விதிப்பார்கள் என்பதால், புறப்படும் முன் அன்றைய செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாலை 4 மணிக்குமேல் சிதறால் சமணப் பாறைக் கோயிலுக்கு ஏறலாம். கார் அடிவாரத்தோடு சரி. காளிகேசம், மேல் கோதையாறு போன்ற வனப்பகுதிகளுக்கு வனத்துறைச் சோதனைச் சாவடியைக் கேட்காமல் காரைக் கொண்டுபோக வேண்டாம்.

கைப்பேசி வரைபடத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. அது இரண்டு நிமிடம் மிச்சம் என்று உங்களைச் சானல்கரைக்குத் திருப்பிவிடும். சானல் என்றால் இங்கே பாசனக் கால்வாய். அதன் கரை ஒரு கார் மட்டுமே போகும் அகலம், ஒருபுறம் தண்ணீர், எதிரே வண்டி வந்தால் அரை கிலோமீட்டர் பின்னோக்கி ஓட்ட வேண்டியிருக்கும். சந்தேகம் வந்தால் பேருந்து போகும் வழியைக் கேளுங்கள். வழி சொல்பவர்கள் "அடுத்த முக்குல திரும்புங்க" என்பார்கள்; முக்கு என்பது திருப்பம். வேப்பமூடு, புளியமூடு என்று வரும் பெயர்களில் மூடு என்பது மரத்தடி, மரம் இப்போது இல்லாமலும் இருக்கலாம். காலை 8 முதல் 9.30 வரையும் மாலை 3.30 முதல் 5.30 வரையும் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் ஆகிய மூன்று ஊர்களுக்குள்ளும் நுழையாதபடி திட்டமிடுங்கள். அந்த நேரத்தில் சாலையோரக் கடையில் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்குழம்பும் சாப்பிடலாம், கோடையானால் அக்கானி (பதநீர்) குடிக்கலாம், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப் பழத்தில் ஒரு சீப்பு வாங்கிக் காரில் போட்டுக்கொள்ளலாம்.

காரைத் திருப்பிக் கொடுக்கும் முன் மிதியடிகளை உதறி மணலை அகற்றி, உப்புக்காற்று படிந்த கண்ணாடியையும் பம்பரையும் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். சுத்தம் செய்யும் கட்டணம் என்று தனியே பிடிப்பவர்கள் உண்டு. எரிபொருளைப் பழைய அளவுக்கு நிரப்பிய ரசீதை வைத்துக்கொண்டு, வாங்கியபோது எடுத்ததைப் போலவே மீண்டும் ஒரு காணொளி எடுக்க வேண்டும். முன்பணம் எந்தத் தேதியில் கணக்குக்குத் திரும்பும், போக்குவரத்து அபராதமோ சுங்கக் கட்டணமோ பின்னர் வந்தால் எப்படித் தெரிவிப்பார்கள் என்பதைக் குறுஞ்செய்தியில் எழுதி வாங்கிக்கொண்ட பிறகு சாவியைக் கையில் கொடுங்கள்.