நோயாளியையும் துக்க வீட்டையும் பார்க்கப் போகும்போது: எங்கள் சினகாக் வழக்கம்

நியூ ஜெர்சியில் நாங்கள் போகும் சினகாக்கில் (யூதர்களின் வழிபாட்டுக் கூடம்), உடம்பு முடியாதவர்களையும் துக்க வீடுகளையும் கவனித்துக்கொள்ள ஒரு தன்னார்வக் குழு இருக்கிறது. கல்யாணம் மூலம் இந்தச் சமூகத்துக்குள் வந்தவள் நான். புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இப்போது என் பொறுப்பு. என்னைப் போல யூதக் குடும்பத்துக்கு மருமகளாக, மருமகனாகப் போன தமிழர்கள் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன்.

சேர விரும்பினால் முதலில் ரப்பியிடம் (யூத மதகுரு) சொல்லுங்கள். யாருக்கு என்ன வியாதி, எந்த வீட்டில் என்ன சண்டை என்பதெல்லாம் உங்கள் காதுக்கு வரும். அதை உங்கள் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லக்கூடாது. இதற்கு ஒத்துக்கொள்ள முடியாதவர்கள் வேறு வேலை எடுத்துக்கொள்வது நல்லது.

நோயாளியைப் பார்க்கப் போவதற்கு 'பிக்கூர் ஹோலிம்' என்று பெயர். பார்க்க வருபவர் நோயில் அறுபதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போகிறார் என்கிறது யூதர்களின் பழைய போதனை நூலான தால்முத். பகலின் முதல் மூன்று மணி நேரமும் கடைசி மூன்று மணி நேரமும் போகாதே என்றும் சொல்கிறது. காலையில் நோயாளி தெளிவாக இருப்பார், பிரார்த்தனையே தேவையில்லை என்று தோன்றிவிடும். சாயங்காலம் நிலைமை மோசமாகத் தெரியும், நம்பிக்கையே போய்விடும். ஆஸ்பத்திரிக்கும் இது பொருந்துகிறது, காலையில் டாக்டர்கள் வரும் நேரம். போன் செய்து கேட்காமல் கிளம்பாதீர்கள். கட்டிலில் உட்காராதீர்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் கழுத்தைத் திருப்பாமல் உங்கள் முகம் தெரிகிற இடத்தில் உட்காருங்கள். பிரார்த்தனையில் பெயர் சேர்க்கலாமா என்று கேளுங்கள். சரி என்றால் அவருடைய ஹீப்ரூ பெயரோடு அம்மாவின் பெயரும் வேண்டும். வெள்ளி சாயங்காலம் யூதர்களின் ஓய்வுநாள் தொடங்குவதால், வெள்ளிக்கிழமை போனால் அதற்கான இரண்டு சின்ன ஹல்லா ரொட்டி, திராட்சை ஜூஸ், பேட்டரி மெழுகுவத்தி கொண்டுபோங்கள். ஆக்சிஜன் இருக்கும் அறையில் நெருப்பு கூடாது.

மரணம் என்றால் வேலை வேகமாக நடக்கும், பெரும்பாலும் ஓரிரு நாளில் அடக்கம் முடிந்துவிடும். அதற்கு முன்னால் ஆறுதல் சொல்லப் போகாதீர்கள். இறந்தவர் கண்முன் கிடக்கும்போது தேற்றாதே என்பது பழைய போதனை. அந்த நேரத்தில் வரும் உறவினர்களை அழைத்துவர விமான நிலையத்துக்குக் கார் எடுத்துக்கொண்டு போவதுதான் உதவி. கல்லறையிலிருந்து திரும்பியதும் துக்கக்காரர்கள் சாப்பிடும் முதல் சாப்பாடு அவர்களுடையதாக இருக்கக்கூடாது, அக்கம்பக்கத்தார்தான் தரவேண்டும். அவித்த முட்டை, பருப்பு சூப், ரொட்டி. முட்டையை உரித்தே வையுங்கள். அன்றைக்கு அவர்கள் கையில் அதற்குக்கூடத் தெம்பு இருக்காது. கோஷர் (பாலையும் இறைச்சியையும் சேர்க்காதது போன்ற யூத உணவு விதிகள்) பார்க்கும் வீடு என்றால் உங்கள் சமையலறையில் சமைக்காமல் கோஷர் கடையில் சீல் வைத்த பொட்டலமாக வாங்குங்கள். ஒவ்வொரு தட்டின் மேலும் டேப் ஒட்டி 'பால்', 'இறைச்சி', 'இரண்டும் இல்லை' என்று எழுதிவிடுங்கள். பூ வேண்டாம், அந்தப் பணத்தைத் தர்மத்துக்குக் கொடுங்கள்.

அடுத்து வருவது ஏழு நாள் துக்கம், ஷிவா. கதவு பூட்டியிருக்காது, மணி அடிக்காமல் உள்ளே போங்கள். கண்ணாடிகளை மூடியிருப்பார்கள். துக்கக்காரர் கிழித்த சட்டையோடு, தோல் செருப்பில்லாமல், தாழ்வான முக்காலியில் உட்கார்ந்திருப்பார். வணக்கமோ குசலமோ வேண்டாம். அவர் வாய் திறக்கும்வரை நீங்கள் பேசாதீர்கள். பைபிளில் வரும் யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அப்படித்தான் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு இந்தக் குழுவில் மிகவும் பிடித்தது இந்த விதிதான். அவர் பேச ஆரம்பித்ததும், "அம்மா எப்படிப்பட்டவங்க?" என்று கேளுங்கள். போட்டோ ஆல்பம் தானாக வெளியே வரும். நம் ஊர்ப் பழக்கத்தில் "நல்ல சாவு, கல்யாணச் சாவு" என்று சொல்லிவிடாதீர்கள், தொண்ணூறு வயதானாலும் பிள்ளைக்கு அது அம்மாதான். கிளம்பும்போது சொல்ல ஒரு வாக்கியம் இருக்கிறது: சீயோனுக்காகவும் எருசலேமுக்காகவும் துக்கப்படும் மற்றவர்கள் நடுவே கடவுள் உங்களைத் தேற்றுவாராக. எங்கள் குழு அதை அட்டையில் எழுதி வாசலருகே வைக்கும்.

ஷிவா வீட்டில் நடக்கும் சாயங்காலப் பிரார்த்தனைக்குப் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேர் சேராமல், இறந்தவருக்காகத் துக்கக்காரர் சொல்லும் காடிஷ் பிரார்த்தனையைச் சொல்ல முடியாது. எங்களிடம் பெண்களும் கணக்கில் உண்டு, பழைய மரபைக் கண்டிப்பாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் சபைகளில் ஆண்கள் மட்டும். மத்தியானமே போன் போட்டு ஆள் சேர்த்து, கூடுதலாக இரண்டு பேரிடமும் சொல்லி வையுங்கள். அப்பாவுக்குக் காடிஷ் சொல்லக் காத்திருப்பவர், வராத பத்தாவது ஆளுக்காக வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கச் சகிக்காது. வெள்ளி சாயங்காலத்திலிருந்து சனி இருட்டும்வரை ஓய்வுநாள் என்பதால் துக்கம் விசாரிக்கப் போவதில்லை.

ஏழாம் நாள் காலை துக்கக்காரர் எழுந்து தெருவைச் சுற்றி ஒரு நடை போய்வருவது வழக்கம். அவர் விரும்பினால் கூட நடங்கள். அதற்குப் பிறகுதான் வீடு காலியாகும், சாப்பாடு வருவதும் நிற்கும். பெற்றோருக்காகப் பதினொரு மாதம் காடிஷ் சொல்பவரைச் சினகாக்குக்குக் காரில் அழைத்துப் போகவும் அப்போது ஆள் தேவைப்படும். முப்பதாம் நாளையும் அடுத்து வரும் முதல் பஸ்கா பண்டிகையையும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். பஸ்கா விருந்துக்கு யார் வீட்டுக்குப் போகிறீர்கள் என்று இரண்டு வாரம் முன்னாலேயே கேளுங்கள். இன்னும் முடிவாகவில்லை என்றால் உங்கள் வீட்டுக்கே கூப்பிடுங்கள்.